மேல்வீட்டோடு சண்டைக்குப் போகுமுன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழின் வாசகர் கடிதப் பகுதியில் கிள்ளான் வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்குக் கீழே சுவர் ஊறிப் போகிறதாம். மேல்வீட்டுக்காரர் பால்கனியில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் காரணமாம். நிர்வாக ஆபிசில் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லையாம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. 2023 கடைசியில் நானும் இதே மாதிரி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். என் கடிதத்தில் பூச்செடிக்குப் பதில் வாஷிங் மெஷின்.

கிள்ளான் வாசகருக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவர் எல்லா நாளும் ஊறுகிறதா, மழை நாளில் மட்டும் ஊறுகிறதா, அதிலும் காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டும் ஊறுகிறதா என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்துப் பாருங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் வெயில் நாளில்தான் அதிகம் ஊற்றுவார். காற்று மழைக்கு மட்டும்தான் ஊறுகிறது என்றால் மேல்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். உங்கள் ஜன்னலைக் குனிந்து பாருங்கள்.

நான் தையல்காரி. பினாங்கில் தெலுக் கும்பார் பக்கம், பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறேன். ஹாலில் கடலைப் பார்த்த பெரிய ஸ்லைடிங் ஜன்னல், தென்மேற்குத் திசை. வெளிச்சத்துக்காக அதன் கீழேயே மெஷினையும் வெட்டும் மேசையையும் போட்டிருக்கிறேன். முப்பது வருடம் ஜெலுத்தோங்கில் பழைய பிளாட்டில், கண்ணாடிப் பட்டைகளை வரிசையாக அடுக்கிய நாக்கோ ஜன்னலோடு வாழ்ந்தவள் நான். நாக்கோவில் கண்ணாடிப் பட்டைகளை எப்படி இறுக்கி மூடினாலும் இடுக்கு இருக்கும். 2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்கையே புரட்டிப் போட்ட அந்தப் புயல் மழையில் நாக்கோ வழியே சல்லடையில் ஊற்றியது போலத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. நாக்கோ காற்றுக்காக வைத்தது, மழையைத் தடுக்க வைத்ததல்ல என்று எல்லாருக்கும் தெரியும். துணியைச் சுருட்டி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டோம்.

புது வீட்டுக்கு 2021 ஏப்ரலில் சாவி வாங்கினேன். கனமான அலுமினியம் பிரேம், பச்சைக் கண்ணாடி, இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. இனிமேல் மழையைப் பற்றிக் கவலையே இல்லை என்று நினைத்தேன். சாவி வாங்கிய அன்று என் தங்கை காசை எடுத்துத் தரை ஓட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். குழாய்களைத் திறந்து பார்த்தோம், சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்தோம். ஜன்னலை இரண்டு தரம் இழுத்து மூடினோம், சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜன்னலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடமே ஆகஸ்டில் ஜன்னலுக்கு அடியில், வலது மூலையில், உள்ளங்கை அளவு பெயிண்ட் உப்பியது. வீட்டைக் கட்டியவர்களுக்குக் குறைகளை எழுதிக் கொடுக்கும் டிபெக்ட் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். ஆள் வந்தார், ஜன்னல் ஓரத்தில் வெள்ளை சிலிக்கோன் இழுத்தார், போனார். நாலு மாதத்தில் மறுபடி உப்பியது. இரண்டாவது ஆள் வந்து, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஒரு வரி சிலிக்கோன் இழுத்தார். மூன்றாவது முறை வந்த பையன் கெட்டிக்காரன் போல இருந்தான். பக்கத்துக் கண்ணாடியைத் திறந்து வெளியே கையை விட்டு, பிரேமின் அடியில் இருந்த சின்னச் சின்னத் துளைகளையெல்லாம் சிலிக்கோனால் அடைத்தான். "ஆண்டி, இனிமே தண்ணியும் வராது, பூச்சியும் வராது" என்றான். மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். வியாதி முற்றியது அன்றைக்குத்தான் என்று பிறகு தெரிந்தது.

2023 தீபாவளி நவம்பர் 12. அக்டோபர் நடுவில் ஒரு விடியற்காலை ஐந்து மணி இருக்கும். சுமத்திராக் காற்று என்று நம் ஊரில் சொல்வோமே, கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கரிய மேகம் வரிசையாக வந்து ஒரு மணி நேரம் பேயாட்டம் ஆடிவிட்டுப் போகுமே, அது. சத்தம் கேட்டு எழுந்து விளக்கைப் போட்டேன். ஜன்னலின் கீழே கண்ணாடி ஓடுகிற பள்ளமான டிராக்கில் தண்ணீர் நிறைந்து, சட்டியில் உலை கொதிப்பது போலக் குபுகுபு என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் அது உள்பக்க விளிம்பைத் தாண்டி மேசைமேல் வழிந்தது. வெட்டி அடுக்கி வைத்திருந்த பதினான்கு ரவிக்கைத் துணி அங்கேதான் இருந்தது. அதில் ஒரு மெரூன் ராசில்க் சாயம் விட்டு, கீழே இருந்த சந்தன நிறத் துணியில் இறங்கிவிட்டது. சந்தன நிறத் துணிக்காரர் அதைச் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தார். 380 ரிங்கிட் கொடுத்தும் அவர் முகம் இன்றுவரை தெளியவில்லை.

தண்ணீர் என் கண்ணெதிரே ஜன்னலில்தான் கொதித்தது. ஆனாலும் எனக்கு மேல்வீட்டின் மேல்தான் சந்தேகம். அவர்கள் வாஷிங் மெஷின் ஜன்னல் பக்கம் இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் சுவர் வழியாக இறங்கி என் டிராக்கில் சேர்கிறது என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். போய்ச் சத்தம் போட்டேன். மேல்வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஓய்வு பெற்ற ஆசிரியை, பொறுமைசாலி. உள்ளே அழைத்துத் தரையைக் காட்டினார், எலும்பு போலக் காய்ந்து கிடந்தது. நான் விடவில்லை, எழுத்தில் புகார் கொடுத்தேன். மேல்தளத்திலிருந்து நீர் கசிகிறது என்று நோட்டீஸ் கொடுத்தால் நிர்வாகம் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று அடுக்குமாடிகளுக்கான 2015 ஸ்திராத்தா நிர்வாக விதிமுறையில் இருக்கிறது. சரியாக ஏழாவது நாள் வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, "மேலே ஒன்றும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் சேர்ந்து ஏமாற்றுகிறார்கள் என்று அன்றிரவு உட்கார்ந்து எழுதியதுதான் அந்த இழுப்பறைக் கடிதம்.

2024 ஜூலையில் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பட்டறை வைத்து அலுமினியம் ஜன்னல் செய்கிறவர், என் வாடிக்கைக்காரர் ஒருவரின் உறவு. மோட்டார் சைக்கிளில் வந்தார். பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் எடுத்துவிட்டதால்தான் தீவுக்குச் சின்ன வேலைக்கெல்லாம் வருகிறேன் என்றார். பையில் சிலிக்கோன் துப்பாக்கி இருந்தது, ஆனால் அதை வெளியே எடுக்கவில்லை. "அக்கா, ஒரு ஜக் தண்ணி குடுங்க" என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று ஐஸ் போட்டுக் கொண்டுவந்தேன். அதை அப்படியே ஜன்னலின் கீழ் டிராக்கில் ஊற்றினார்.

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் நகரவில்லை, குளம் மாதிரி நின்றது. ஐஸ் கட்டிகள் மிதந்தன. ஐந்து நிமிடத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, ஆனால் வெளியே ஒரு சொட்டு விழவில்லை. "வெளிய போகல, அப்ப எங்க போவுது?" என்று என்னைக் கேட்டார். சுவரைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

அப்புறம் விளக்கினார். ஸ்லைடிங் ஜன்னல் என்பது தண்ணீரே புகாத பெட்டி இல்லை. கண்ணாடி ஓட வேண்டுமானால் இடுக்கு இருந்தே ஆக வேண்டும். அந்த இடுக்கில் இருப்பது மயிர் போன்ற பிரஷ், அது காற்றைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. மழையில் கொஞ்சம் தண்ணீர் டிராக்குக்குள் வரத்தான் செய்யும். வந்த தண்ணீர் வெளியே ஓடத்தான் பிரேமின் வெளிப்பக்கம் அடியில் துளை போட்டிருக்கிறார்கள். மூன்றாவதாக வந்த பையன் அடைத்தது அந்தத் துளைகளை. "ஜன்னலுக்கு மூக்கு ஒழுவுதுன்னு மூக்கையே அடைச்சிட்டாங்க, அக்கா" என்றார்.

சரி, வெளியே வழியில்லாத தண்ணீர் சுவருக்குள் எப்படிப் போனது? இங்கேதான் எனக்கு வெட்கம். சாவி வாங்கிய மறுமாதம் நானே ஆள் வைத்துக் கிரில் போட்டேன். அந்தக் கிரில்காரர் கம்பியின் கால்களை நிறுத்த டிராக்கின் அடித்தளத்தில் ஆறு ஸ்குரூ இறக்கியிருக்கிறார். அது வெறும் அலுமினியத் தகடு, கீழே சிமெண்ட். ஆறு துளை, ஆறு வாய்க்கால். மழைக்கோட்டுத் துணி நல்ல துணிதான், ஒரு சொட்டும் இறங்காது, ஆனால் தைத்த இடத்தில் ஒவ்வொரு ஊசித் துளையும் கசியும். அதனால்தான் நல்ல மழைக்கோட்டில் தையலின் உள்பக்கம் டேப் ஒட்டியிருப்பார்கள். இது தெரிந்த நான் என் ஜன்னலில் ஆறு இடத்தில் ஓட்டை போடக் காசு கொடுத்திருக்கிறேன்.

மூலையில் இருந்த ரப்பரையும் காட்டினார். கண்ணாடியைச் சுற்றி வரும் கறுப்பு ரப்பர் மூலைக்கு மூலை அரை விரல் குறைவாக நின்றது. வெயிலில் ரப்பர் சுருங்கும், அதனால் கொஞ்சம் நீளமாக வெட்டி அமுக்கி வைக்க வேண்டுமாம். துணி சுருங்கும் என்று தெரிந்து இரண்டு விரல் விட்டு வெட்டுகிற எனக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. அளவாக வெட்டிய ரப்பரைப் பார்த்தால் அளவாக வெட்டிய காட்டன் ரவிக்கையைப் பார்த்த மாதிரி கோபம்தான் வந்தது.

வேலை இரண்டு மணி நேரம். துளைகளில் இருந்த சிலிக்கோனைக் கத்தியால் நோண்டி எடுத்தார். கிரில்லின் கால்களை டிராக்கிலிருந்து கழற்றிப் பக்கச் சுவருக்கு மாற்றினார். ஆறு துளையையும் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்து அடைத்தார். சிலிக்கோன் அந்த ஆறு இடத்துக்கும் பிரேமின் மூலை இணைப்புக்கும் மட்டும்தான். ஈரத்திலும் தூசியிலும் இழுத்த சிலிக்கோன் ஒட்டாது, தோல் மாதிரி உரிந்துவிடும் என்று பழையதை இழுத்துக் காட்டினார், ஒரே வாராக வந்தது. 180 ரிங்கிட் வாங்கினார். மறுபடி ஒரு ஜக் ஊற்றினோம், கால் நிமிடத்தில் எல்லாம் வெளியே போய்விட்டது. கீழ்வீட்டுக்காரர் யாரோ எட்டிப் பார்த்துத் திட்டினார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை, அந்தக் குபுகுபு. அதை ஷா ஆலமில் ஜன்னல், கண்ணாடிச் சுவர் வேலையில் இருக்கும் என் அக்கா மகனிடம் போனில் கேட்டேன். வெளியே காற்று அழுத்தும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறைவு. அதனால் டிராக்கில் நிற்கும் தண்ணீர் வெளியே ஓடாமல் உள்பக்கம் ஏறி நிற்கும், அதன் வழியே காற்று புகுந்து குமிழி விடும் என்றான். கணக்கும் சொன்னான். அழுத்தத்தைப் பாஸ்கல் என்ற அளவில் சொல்வார்களாம், 10 பாஸ்கலுக்கு ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஏறும். என் டிராக்கின் உள்விளிம்பை டேப் வைத்து அளந்தேன், 22 மில்லிமீட்டர். அப்படியென்றால் 220 பாஸ்கல் வரை தாங்கும். அது மணிக்கு 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த காற்று. அதற்கு மேல் வீசினால் துளையெல்லாம் சரியாக இருந்தாலும் விளிம்பைத் தாண்டத்தான் செய்யும்.

"எந்த ஜன்னல் எவ்வளவு தாங்கும்னு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். தெரியுமாம். ஜன்னலை ஒரு பெரிய பெட்டியின் முகப்பில் பொருத்தி, தண்ணீரைத் தெளித்துக்கொண்டே காற்றழுத்தத்தை ஏற்றுவார்களாம். ஐரோப்பியத் தரத்தில் முதல் 15 நிமிடம் அழுத்தமே இல்லாமல் தண்ணீர் மட்டும். பிறகு ஐந்து ஐந்து நிமிடமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். 150 பாஸ்கலில் உள்ளே கசியாவிட்டால் 4ஏ என்ற தரம், 300ல் 7ஏ, 600 வரை நின்றால் 9ஏ. காற்றுக் கசிவுக்குத் தனியாக 1 முதல் 4 வரை தரம், 4தான் இறுக்கமானது. மாடி ஏற ஏற, கடல் பக்கம் திரும்பத் திரும்ப, எண் கூடிய ஜன்னல் வேண்டும். கடலைப் பார்த்த பன்னிரண்டாவது மாடிக்கும் சாலையைப் பார்த்த இரண்டாவது மாடிக்கும் ஒரே ஜன்னலைப் போட்டால் எப்படி? கடல் தெரிகிறது என்று வீட்டு விலையில் மட்டும் கூட வாங்கினார்களே!

சிங்கப்பூரில் 1989 முதல் இருக்கிற கான்குவாஸ் என்ற கட்டடத் தர மதிப்பீட்டில் கட்டி முடித்த கட்டடத்தின் ஜன்னலுக்குத் தண்ணீர் பீய்ச்சிப் பார்ப்பதும் உண்டாம். நம் நாட்டில் கட்டுமானத் தொழில் வாரியமான சிஐடிபி 2006ல் குவாலசிக் என்று அதே மாதிரி ஒரு மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. அதில் எல்லா வீட்டையும் பார்ப்பதில்லை, மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆகவே நம் வீட்டை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு மெஷின் எல்லாம் வேண்டாம். சாவி வாங்கப் போகும்போது ஒரு ஜக், ஒரு துண்டு காகிதம், ஒரு ஊதுவத்தி கொண்டுபோங்கள். ஸ்லைடிங் ஜன்னல் என்றால் டிராக்கில் தண்ணீர் ஊற்றி அது வெளியே போகிறதா என்று பாருங்கள். வெளியே தள்ளித் திறக்கும் ஜன்னல் என்றால் காகிதத்தை இடையில் வைத்து மூடி இழுங்கள். நான் ரவிக்கை அளவு வெட்டும் மெல்லிய காகிதத்தைத்தான் வைத்துப் பார்த்தேன். எங்கே வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே ரப்பர் கடிக்கவில்லை. கொஞ்சம் காற்றடிக்கும் நாளில் ஊதுவத்தியைக் கொளுத்தி ஓரமாக நகர்த்துங்கள், புகை வளைகிற இடத்தில் கசிவு. இப்படித்தான் வெள்ளிக்கிழமை பூஜைக்கு ஏற்றிய வத்தியை வைத்து எங்கள் அறை ஜன்னலில் இரண்டு இடம் கண்டுபிடித்தேன். சாமி கோபிக்கவில்லை.

கதவையும் இதோடு சொல்லிவிடுகிறேன். புகைமூட்டம் வந்த 2019 செப்டம்பரில் எல்லாரும் ஜன்னலைத்தான் சாத்தினோம். வாசல் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி வழியாகப் புகை தாராளமாக வந்தது. அடியில் ஒட்டுகிற ரப்பர் பட்டை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கிறது. ஆனால் அடுக்குமாடியில் வாசல் கதவு பெரும்பாலும் நெருப்புத் தடுப்புக் கதவு, அதில் ஆணி அடிக்கவோ அடியைச் சீவவோ கூடாது, நிர்வாகத்திடம் கேட்டுச் செய்யுங்கள். இன்னொன்று, காற்று மழை அடிக்கும்போது காற்றுக்காக வாசல் கதவைத் திறந்து வைக்காதீர்கள். திறந்தால் வீட்டுக்குள் அழுத்தம் இறங்கி ஜன்னல் இன்னும் தண்ணீரை இழுக்கும். நானே பார்த்தேன். கதவைச் சாத்தினேன், குபுகுபு அடங்கியது. திறந்தேன், மறுபடி ஆரம்பித்தது. நாலைந்து தரம் செய்து பார்த்தேன், என் மகளுக்கு என் மேல் சந்தேகமே வந்துவிட்டது.

சட்டத்தில் எனக்கு இருந்த வழியை நான் தவறவிட்டேன், மற்றவர்கள் விட வேண்டாம். அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதம் குறைகளைக் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். எனக்கு அது 2023 ஏப்ரலோடு முடிந்தது. முடிந்த பிறகும் 12 மாதத்துக்குள் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. எனக்கு இது தெரிந்தது 2024 ஜூலையில், மூன்று மாதம் தாண்டி. கிரில் நான் போட்டது, அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை. துளையை அடைத்தது அவர்கள் அனுப்பிய ஆள், அதையாவது கேட்டிருப்பேன். குறையைச் சொல்லும்போது எழுத்தில் சொல்லுங்கள், வந்து செய்த வேலையையும் போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். என்னிடம் இருந்தது மைலோ கொடுத்த நினைவு மட்டும்.

கிள்ளான் வாசகரே, உங்கள் கடிதத்தில் போன வருடம் கிரில் போட்டதாக ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். முதலில் அதன் கால்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பட்டர்வொர்த் தம்பியை அனுப்ப முடியுமா என்று கேட்காதீர்கள், அவருக்கு முட்டி வலி, பாலம் தாண்டுவதே பெரிய விஷயம்.

நான் போன தீபாவளிக்கு முறுக்கு சுட்டு மேல்வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாக்சிக் வாங்கிக்கொண்டார், பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் வாஷிங் மெஷின் மட்டும் இன்னும் காலை ஆறு மணிக்கு உறுமுகிறது. அதற்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
தெலுக் கும்பார், பினாங்கு